யார விட்டீங்க?

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே நிற்கிற ஆளின் முகத்தைவிட, அவருடைய ஆதார் அட்டையில் இருக்கிற முகம்தான் முக்கியம். கொடைக்கானல் ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜில் ஒன்பது வருஷம் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களையெல்லாம் "வாங்க வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுவதும் சாவியை எடுத்துக் கொடுப்பதும்தான் என் சோலி. அந்த ஒன்பது வருஷத்தில் நிஜமாகவே முகம் பார்த்துப் பழகியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் அந்த அக்கா.

கல்யாணப் படம் எடுக்கிறவர். நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் அவருடைய ஸ்டுடியோ. கல்யாணத்துக்கு முன்பே மலைக்கு வந்து ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கத்தில் பரவியிருந்தது. அக்கா தங்கை, சிநேகிதக் கூட்டம் என்று வேன் பிடித்து வந்து எங்கள் லாட்ஜில் இறங்குவார்கள். காலை வெளிச்சம் வேண்டும் என்று இந்த அக்கா வெள்ளனே வந்துவிடுவார். கறுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், காலில் ஆம்பிளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூ. முதுகில் பையைச் சுமந்துகொண்டு படியேறி வந்து, என் மேஜைக்கு எதிரில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரக்காப்பி குடிப்பார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். சிரித்தால் இன்னும் குறையும்.

ஜோடி அறையிலிருந்து இறங்கி வந்ததும் கேமராவை எடுக்கமாட்டார். "சாப்டீங்களா?" என்பார். பாதிப் பெண்கள் முகம் உப்பிவிடும் என்று பயந்து பட்டினியாகத்தான் வருவார்கள். "பசியோட இருக்கற மூஞ்சியில எந்த வெளிச்சத்தப் போட்டாலும் பசிதான்மா தெரியும். போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். வெளிச்சத்துக்காக அடித்துப் பிடித்து வந்த மனுஷி, அந்த வெளிச்சம் போனாலும் பரவாயில்லை என்று பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு காத்திருப்பார்.

சாப்பிட்டு வந்ததும் கல்யாண நாளைப் பற்றிப் பாடம் நடக்கும். சாவி எடுத்துக் கொடுத்தபடியே கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடம்.

"பேசியல் பண்றதா இருந்தா ஒரு வாரத்துக்கு முன்னாடியே பண்ணிருங்க. மொத நாளு பண்ணிட்டு மூஞ்சி செவந்துபோயி வந்து எங்கிட்ட அழுகாதீங்க. புதுச் செருப்ப வீட்டுக்குள்ளயே நாலு நாளு போட்டு நடந்து பழகிக்கங்க. மாப்ள, சட்டப் பையில செல்லு வைக்கக் கூடாது, நெஞ்சுல கட்டி வந்தமாதிரி இருக்கும். ஒங்க சித்தப்பாமாருகிட்ட சொல்லி செல்போன உள்ள வைக்கச் சொல்லுங்க. நாஞ் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க. தாலி கட்டறப்ப முடிச்சப் பாருங்க, என்னையப் பாக்காதீங்க. எனக்கா தாலி கட்டப் போறீங்க?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பனிமூட்டம் வரவில்லையே என்று யாராவது முகம் வாடினால், "வரும். கூப்பிடாம வர்றது அது ஒண்ணுதான். மனுசங்களத்தான் கூப்பிடணும்" என்பார். அதையும் ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பாடத்தின் கடைசிப் பகுதிக்கு என்னிடமிருந்து தாள் வேண்டும். லாட்ஜ் பேர் அச்சடித்த லெட்டர் பேடில் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பேன். கல்யாணத்தன்று யார் யாரோடு சேர்ந்து படம் வேண்டும் என்று ஜோடி அதில் எழுதித் தர வேண்டும். பெரியப்பா, தாய்மாமன், காலேஜ் சிநேகிதர்கள், பள்ளிக்கூட வாத்தியார் என்று இருபது பேர் எழுதுவார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படிப்பார். படித்து முடித்து நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்பார்.

"இதுல யார விட்டீங்க?"

"யாரையும் விடலக்கா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு வரக்காப்பியைக் குடிப்பார். சிலர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு டிரைவர் அண்ணன் பேரை எழுதுவார்கள். சிலர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருந்தார். வேற்று சாதியில் கட்டிக்கொண்டு போன அக்கா, கொஞ்சம் மனசு சரியில்லாத அண்ணன். பெரும்பாலும் புருஷனை இழந்த அம்மா. அம்மா பேரை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அம்மா மேடைக்கு வராதுக்கா" என்பார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல இயல்பாகச் சொல்வார்கள்.

"வர்றாங்களா இல்லையாங்கறத அப்புறம் பாப்போம். மொத பேர எழுதுங்க" என்பார் அக்கா.

ஒரு தடவை எங்கள் லாட்ஜ் சமையல்காரருக்குக் கல்யாணம். அவருக்கு ஊர் வெள்ளகவி, வட்டக்கானலுக்குக் கீழே ரோடு இல்லாத மலைக்கிராமம். பெண் கொடைக்கானல். கல்யாணமும் இங்கேதான் ஒரு கோயிலில் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வரவில்லை. முட்டி வலி, ஒற்றையடிப் பாதையில் ஏற முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். "போன மாசந்தான ஏலக்கா மூட்டையோட அந்தம்மாவ வட்டக்கானல் டீக்கடையில பாத்தேன்?" என்று அக்கா என் காதில் சொன்னார். மறுநாள் காலையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கல்யாண உடுப்போடு நடத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். எனக்கு அன்று லீவு. ஒரு பையைச் சுமக்க நானும் போனேன்.

பெண் பட்டுச்சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஊர் எல்லையில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். அந்த ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. அம்மாவின் வீட்டு வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. அக்கா இருபது அடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். கேமரா பைக்குள்ளேயே இருந்தது.

"நீங்க போயிக் கூப்பிடுங்க. நாங் கூப்பிட்டா வரமாட்டாங்க" என்றார்.

சமையல்காரர் வாசலில் நின்று, "எம்மா, வெளிய வாம்மா. ஒன்னோட ஒரு போட்டா எடுக்கணும்" என்றார்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நானெதுக்குடா? நீங்க எடுத்துக்கங்க."

"எம்மா, வாம்மா."

"அடுப்புல சோலி கெடக்கு."

மூன்றாம் தரம் அவரும் பெண்ணும் சேர்ந்து கூப்பிட்டார்கள். நாலாம் தரம் கூப்பிடும்போது சமையல்காரருக்குக் குரல் உடைந்துவிட்டது. அந்தம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். படத்தில் மூன்று பேருமே சிரிக்கவில்லை. அம்மா மகனுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். ஏரிக்கரையிலும் பைன் காட்டிலும் எடுத்த படங்களையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் படத்தைத்தான் அவர் கடைசிவரை எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தார்.

திரும்பி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்கு வாங்கவில்லை. ஒரு திருப்பத்தில் எனக்காக நின்றவர், நான் கேட்காமலே தன்னைப் பற்றிச் சொன்னார். ஸ்டுடியோ அவர் வீட்டுக்காரருடையது. மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு, ஒப்புக்கொண்ட கல்யாணங்களை விட முடியாமல் இவர் கேமராவை எடுத்திருக்கிறார். முதல் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஒரு பெரியவர், "இந்தப் பொம்பளைய எதுக்குப்பா மேடையில ஏத்துனீங்க?" என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர், "அது போட்டா எடுக்கற ஆளுய்யா" என்றாராம். பெரியவர் சரி என்று விட்டுவிட்டார்.

"அன்னைக்கிப் புரிஞ்சுக்கிட்டேன் தம்பி. கேமரா கண்ணுல இருக்கற வரைக்கும் நான் யாருன்னு யாருக்கும் தோணாது. தாலி கட்டறப்ப மொழந் தூரத்துல நிப்பேன். கேமராவக் கீழ வச்சுட்டா, மேடைய விட்டு எறங்கிறணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவும் அப்படித்தான்.

என் அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகளுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். விருப்பாச்சிப் பழத்தைக் கையில் வாங்கினாலே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அவள் விரலில் எப்போதும் வெல்லமும் ஏலக்காயும் மணக்கும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதலில் சமையற்கட்டுக்குள் நுழைவதும் அவள்தான், தாலி கட்டும் நேரத்தில் பின்வாசல் வழியாக வெளியே போய் நிற்பதும் அவள்தான். சின்ன வயதில் எனக்கு அது ஏன் என்று தெரியாது. தெரிந்த வயதில் அது பழகிப்போயிருந்தது.

எனக்கு நாயுடுபுரத்திலேயே பெண் அமைந்தது. படத்துக்கு இந்த அக்காதான் என்பதில் எங்கள் இருவருக்கும் மறுபேச்சு இல்லை. என்னுடைய மேஜையிலேயே, என்னுடைய லெட்டர் பேடிலேயே நான் என் பட்டியலை எழுதினேன். எத்தனை ஜோடிகளின் பட்டியலைப் பார்த்தவன் நான்! முதல் வரியிலேயே பெரிதாக 'அம்மா' என்று எழுதிவிட்டு, முதல் மார்க் வாங்கப் போகிறவன் மாதிரி அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா படித்தார். இந்தத் தடவை யாரை விட்டீங்க என்று கேட்கவில்லை. "எழுதிட்டீங்க. சந்தோசம். ஆனா எழுதுனாப் போதாது தம்பி, கூப்பிடணும். மேடையில அந்த நேரத்துல நாக்கு எந்திரிக்காது. இப்பயே நாலு தடவ சொல்லிப் பாத்துக்கங்க" என்றார்.

"நாள் பூரா வாங்க வாங்கன்னு கூப்பிடறதுதானக்கா என் வேலையே" என்றேன் நான். என் வாய்க்கொழுப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

பழனியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அப்பா அம்மா ஸ்தானத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்தார்கள். அம்மா முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே உக்கிராண அறையில் இருந்தாள். அரிசி, காய், பழம் என்று சாமான்களெல்லாம் அடுக்கியிருக்கும் அறை அது. அங்கே அவள் இருந்தால்தான் எதுவும் குறையாது என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள். தாலி கட்டினேன். முடிச்சைப் பார்த்துத்தான் கட்டினேன். சட்டைப்பையில் செல்போன் இல்லை. செருப்பும் நாலு நாள் போட்டுப் பழகியதுதான். அக்கா சொல்லிக் கொடுத்ததில் ஒன்று பாக்கியில்லை, அந்த ஒன்றைத் தவிர.

குடும்பப் படம் எடுக்கும் நேரம் வந்தது. பெரியப்பா, பெரியம்மா, மாமனார், மாமியார், மாமனாரின் அக்கா எல்லாரும் எங்களுக்கு இருபுறமும் நின்றார்கள். அக்கா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. மேடையேறி வந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "அம்மா அங்க நிக்கிறாங்க. ஒரு குரல் குடுங்க தம்பி" என்றார்.

பார்த்தேன். மண்டபத்தின் அந்தக் கோடியில் உக்கிராண அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். பாக்குக் கலர் சேலை. காலையிலிருந்து இடுப்பில் செருகியிருந்த துண்டு இப்போது இல்லை. முந்தானையை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் தலையை மெல்ல ஆட்டினாள். கையையும் வயிற்றுக்கு நேராக வைத்து, வேண்டாம் என்பதுபோல அசைத்தாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதத்தான் வேண்டும். பக்கத்தில் நின்ற மாமனாரின் அக்கா முகம் எப்படி மாறுமோ, பெரியம்மா என்ன சொல்வாளோ, நல்ல நேரத்தில் ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தவனுக்கு, அம்மாவே வேண்டாம் என்றது தப்பிக்க ஒரு வழியாக இருந்தது.

"அப்புறம் எடுத்துக்கலாம்க்கா" என்றேன்.

அக்கா இறங்கிப் போனார். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். கூட்டத்துக்குப் பொறுமையில்லை. "ஏம்மா, வெரசா எடும்மா, பந்தியில ஆளு நிக்குது" என்றார் பெரியப்பா. என் முதுகில் தட்டி, "ஏலே, நேராப் பாருலே" என்றார். நேராகப் பார்த்தேன். அக்கா படத்தை எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஆல்பம் வந்தது. என் மனைவிதான் புரட்டினாள். "என்னங்க, ஒரு பக்கம் அச்சு விழல" என்றாள். குடும்பப் படத்துக்கு அடுத்த பக்கம். மற்றப் பக்கங்களில் இருப்பதுபோலவே ஓரத்தில் மல்லிகைச் சரம் வரைந்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு நாயுடுபுரம் மாடிக்குப் போனேன்.

"விழாம இல்ல தம்பி, விட்டு வச்சிருக்கேன்" என்றார் அக்கா. மேஜை இழுப்பறையைத் திறந்து என் பட்டியலை எடுத்து நீட்டினார். முதல் வரியைத் தவிர மற்ற எல்லா வரிக்கும் நேராக டிக் அடித்திருந்தது. "அந்த வேட்டி சட்டைய மடிச்சுத்தான வச்சிருப்பீங்க? அந்தப் பிள்ளையும் கூறச்சேலையக் கட்டட்டும். ரெண்டு பேருமா அம்மா முன்னாடி போயி நின்னு கூப்பிடுங்க. என்னைக்கின்னு மட்டும் சொல்லுங்க, பழனிக்கு நானே வந்து எடுத்துத் தாரேன். அளவு பாத்து ஒட்டிறலாம்."

சரி என்றேன். அதற்குப் பிறகு லாட்ஜுக்கு வரும்போதெல்லாம், "பக்கம் காலியாத்தான் கெடக்கா?" என்று கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார். மழை நின்றதா என்று கேட்கிற மாதிரி கேட்பார். "அடுத்த லீவுக்குப் போயிருவோம்க்கா" என்பேன். ஏப்ரல், மே என்றால் சீசன். ஆடியில் வேண்டாம். தீபாவளிக்கு அறை காலியில்லை. மனைவி உண்டாகியிருக்கிறாள். ஒரு கட்டத்தில் அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே மேஜைக்குக் கீழே குனிந்து எதையாவது தேட ஆரம்பித்தேன்.

லீவு கிடைக்காததெல்லாம் காரணமில்லை. இப்போது போய்க் கூப்பிட்டால், அன்றைக்குக் கூப்பிடவில்லை என்று ஆகிவிடும். அம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கவனிக்காததாகவே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

குழந்தை பிறந்ததும் அம்மா பத்து நாள் கொடைக்கானலுக்கு வந்திருந்தாள். குளிரில் இரண்டு சேலையைச் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, அடுப்பை விட்டு நகராமல் இருந்தாள். யார் மூலமாகவோ தெரிந்து ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். தோளில் கேமரா பை. என் முகத்தைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன்.

"யாருய்யா இவுக?" என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்குப் போட்டா எடுத்தாங்கள்லம்மா. சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்திருக்காங்க" என்றேன்.

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினார். உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். விருப்பாச்சிப் பழம் இப்போது முன்னைப்போல வருவதில்லை என்று அம்மா சொன்னதற்கு, மேல்மலையில் யாரிடம் கிடைக்கும் என்று சொன்னார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பழத்தைப் பற்றியே பேசினார்கள். பை அவர் காலடியில் மூடியபடியே இருந்தது. போகும்போது வாசலில் என்னிடம், "நல்லா செகப்பா, அழகா இருக்காங்க தம்பி அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தை மாதம் அம்மா போய்விட்டாள். காலையில் பழம் உரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கினேன். தெருமுனையில் இறங்கியதும் "அம்மா" என்று கூப்பிட்டேன். வீட்டு வாசல் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அடிவாரமே திரும்பிப் பார்த்தது. மண்டபத்தில் இதில் கால்வாசிக் குரல் போதுமாயிருந்திருக்கும்.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வீடு முழுக்கத் தேடினோம். என் செல்லில் இருந்ததெல்லாம் குழந்தையின் படம்தான். எல்லார் கல்யாணத்துக்கும் போனவள், எந்தப் படத்திலும் இல்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். காரியத்துக்கு வந்திருந்த அக்கா அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காலிப் பக்கத்தைப் பற்றி அன்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே கேட்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு மறக்காதது, அவருடைய மகளின் கல்யாணம். ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை. அம்மாவுக்குத் தெரிந்த எல்லா வித்தையும் தெரிந்த பெண். ஸ்டுடியோ மாடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய காலத்திலிருந்தே அந்தப் பட்டியல்களைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணம் கொடைக்கானலிலேயே நடந்தது. வேறு யாரையும் விடாமல் அக்காவே படம் எடுத்தார். பட்டுச்சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக மேடைக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினார். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது, வழக்கம்போல முழத் தூரத்தில் கேமராவோடு நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

குடும்பப் படம். அப்பா அம்மா ஸ்தானத்தில் இருந்த சித்தப்பாவும் சித்தியும் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். அக்கா கீழே, நடுவில் நின்றார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். எதற்காக நிற்கிறார் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நாலு எட்டு வைத்து மேடையேறி, "அம்மாவக் கூப்பிடும்மா" என்று அந்தப் பெண்ணின் காதில் சொல்லியிருக்கலாம். இவ்வளவு தெரிந்த பெண், அவளாகவே கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கேமராவை வாங்கிக்கொள்ளவும் தயாராக நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சும்மா. எடும்மா" என்றாள் மகள்.

அக்கா கேமராவை உயர்த்தினார். வழக்கமாக மூன்று நான்கு எடுப்பவர், ஒன்றே ஒன்று எடுத்தார்.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "நான் அந்தப் பிள்ளகிட்டச் சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

"ஆமா தம்பி, சொல்லியிருக்கலாம்" என்றார். மழுப்பவில்லை. "ஊருல இருக்கற பிள்ளைகளுக்கெல்லாம் நாஞ் சொல்லிட்டேன். எம்பிள்ளகிட்ட எப்படிச் சொல்றது, என்னையக் கூப்பிடுன்னு?"

ரசம் ஊற்ற வந்தவரிடம் கையைக் காட்டிப் போதும் என்றார். அவர் நகர்ந்த பிறகு சொன்னார்: "கூப்பிட்டிருந்தாலும் நான் மேல போயி நின்னிருக்க மாட்டேன். மாப்ள வீட்டு ஆளுக முன்னாடி எதுக்குன்னு வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கூப்பிடணும்ல."

அடுத்த வருஷம் ஸ்டுடியோவை மூடிவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போனார். போகும்முன் மகளுடைய ஆல்பத்தைக் காட்டினார். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் படம் இருந்தது. தனக்கென்று அவர் ஒரு பக்கம்கூட விட்டு வைக்கவில்லை. சில மாதங்கள் போனில் பேசினோம். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. நானும் லாட்ஜ் வேலையை விட்டுவிட்டேன்.

என் ஆல்பத்தில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆதார் படத்தை ஒட்டலாமே என்று மனைவி ஒரு தடவை சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். அதைத் திறக்கும்போதெல்லாம் அன்றைக்கு உக்கிராண அறை வாசலில் நின்றவளை நினைத்துக்கொள்கிறேன். அவள் தலையாட்டியதைத்தான் பல வருஷம் நினைவில் வைத்திருந்தேன். அம்மாதான் வேண்டாம் என்றாள், நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. நான் கூப்பிடவேயில்லை. கூப்பிடாததற்கு அவள் எதற்கு வேண்டாம் என்று கையசைத்தாள்? நான் கூப்பிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். இடுப்புத் துண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் வந்து நின்றிருக்கிறாள்.